படத்துக்குப் போட்ட மாலை

லண்டன் பிளேஸ்டோவில் நான் தாலி கட்டிய மண்டபத்தை எழுப்பியவர்கள் அமெரிக்கக் கறுப்பர்கள். உலகச் சண்டைக்குப் பட்டாளத்தோடு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்கள். தங்கள் ஊரில் இருந்ததுபோல ஒரு சகோதர சங்கத்தை இங்கேயும் தொடங்கினார்கள். ஒருவன் செத்தால் மற்றவர்கள் அடக்கம் செய்வார்கள், குடும்பத்தைப் பார்ப்பார்கள். கறுப்பருக்கு ஒருவரும் மண்டபம் கொடுக்காததால், குண்டு விழுந்து கூரை போன ஒரு சின்னத் தேவாலயத்தை வாங்கி, வேலை முடிந்து வந்து தாங்களே ஓடு போட்டார்கள். எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதியாக வந்த எங்களுக்கு மண்டபம் கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். இவர்கள் மட்டும் கதவுத் திறப்பைக் கையில் தந்தார்கள்.

இந்தச் சரித்திரமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எட்டாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டுவிட்டோம்.

கலியாணத்தன்று காலை சிநேகிதர்கள் எல்லோரும் ஷிப்டில். மாப்பிள்ளையாகிய நானே சோடனை செய்தேன். சுவரில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படம். தோளில் குறுக்காகச் சங்கத்துப் பட்டை அணிந்த ஓர் இளைஞர். எங்கள் வீடுகளில் அந்த அளவுப் படம் செத்தவருக்குத்தான். பாவம் என்று மிஞ்சிய மாலையைப் போட்டு, பொட்டு வைத்து, ஊதுபத்தியும் கொளுத்தினேன்.

பெண்ணைத் தாரைவார்க்க மோர்டனிலிருந்து வந்த அவளுடைய மாமா அதைக் கண்டார்.

"தம்பி, கலியாண வீட்டிலை ஆருடைய செத்தவீடு?"

"மண்டபம் கட்டினவராக்கும், மாமா. செத்துப்போய்க் கனகாலம்."

"கழட்டும். இல்லாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன்."

கதிரையில் ஏறி மாலையைக் கழற்றினேன். கதவு திறந்தது. ஊன்றுபொல்லோடு, அதே பட்டையோடு ஒரு கிழவர். படத்தின் அதே மூக்கு, அதே காது. பூவையும் பொட்டையும் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"இத்தனை வருசத்தில் இதற்கு ஒருவரும் பூ வைத்ததில்லை," என்றார் இங்கிலீசில்.

மாமா என் காலைக் கிள்ளினார். "உயிரோடை இருக்கிற மனுசனைச் சாக்காட்டிப்போட்டீரே! கையிலை மாலையோடை நிக்கிறீர், இப்ப என்ன சொல்லப்போறீர்?"

கீழே குதித்து மாலையைக் கிழவரின் கழுத்தில் போட்டேன். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். மாமா கதிரையை ஓரம் தள்ளிவிட்டு ஐயர் பக்கம் திரும்பினார்.

"ஓம், இப்ப சரி. மாலை உயிருள்ள கழுத்திலை கிடக்கு. ஐயா, தொடங்குங்கோ."

கிழவர் முன்வரிசையில் இருந்தார். பிந்தி வந்த சனம் அவரை மாப்பிள்ளையின் தகப்பன் என்று நினைத்துக் கும்பிட்டது. என் நிறத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வர இடமும் இல்லை. நானும் மறுக்கவில்லை. என் பக்கத்துச் சொந்தமென்று வர லண்டனில் வேறு ஒருவரும் இருக்கவில்லை.