இல்லாத எறும்புகள்

காலை ஐந்து ஐம்பது. அக்காவின் கணவர் கூடத்துச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, லுங்கியிலிருந்து எறும்புகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகத் தரையில் விட்டுக்கொண்டிருந்தார். டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். எறும்பு ஒன்றுகூட இல்லை.

"மாமா, இன்னா பண்றீங்க?"

"கட்டெறும்புடா. கடிக்கல. சும்மா ஏறிக்கினே கீது." பிறகு வாசலைக் காட்டினார். "எவ்ளோ நேரமா நிக்கிறாங்க அவங்க. உள்ள கூப்புடு. டீ போடச் சொல்லு உங்கக்காவ."

வாசலில் யாரும் இல்லை. அவருடைய பனியன் முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது. விரல்கள் நடுங்கின. அன்று திங்கட்கிழமை. அவர் கடைசியாகக் குடித்தது வெள்ளிக்கிழமை காலையில்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில், ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள கிராமம் அது. மாமாவுக்கு அங்கே சொந்த நிலம் உண்டு. நான் ராஜகுளத்திலிருந்து ஞாயிறு மாலை வந்திருந்தேன். நாளிதழ் வேலையை விட்டபின் இப்படி வந்து போகிறேன்.

அவர் குடித்த வரலாறு மிகச் சாதாரணமானது. முதலில் அறுவடை முடிந்த அன்று மட்டும். பிறகு மாலைகளில். பிறகு மதியம். கடைசிச் சில வருடங்களில், பல் துலக்கும் முன்பே. பம்புசெட்டு அறையில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் பாட்டில் இருக்கும். அதில் கொஞ்சம் உள்ளே போனால்தான் சட்டைப் பொத்தானைப் போட முடியும் அளவுக்குக் கை நிற்கும். சில காலைகளில் அக்காவே டம்ளரில் ஊற்றிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். "பொத்தானாவது போட்டுக்கினு வெளிய போவட்டும்" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவரைப் பழையசீவரம் தாண்டி ஓர் அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம். குளித்து ஈரத்துணியோடு நிற்க வேண்டும். எவ்வளவு காலம் குடிப்பதில்லை என்று அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பூசாரி வலது மணிக்கட்டில் சிவப்புக் கயிற்றைக் கட்டி முடிச்சில் குங்குமம் வைப்பார். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் ரத்தமாக வாந்தி எடுப்பான் என்று நம்பிக்கை. அந்தப் பயத்தில் நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், எனக்கே சிலரைத் தெரியும். ஆனால் அவர்களெல்லாம் சாயங்காலத்தில் மட்டும் குடித்தவர்கள். மாமா வரும் ஆடித் திருவிழா வரைக்கும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா அங்கேயே அழுதுவிட்டாளாம்.

அக்கா எழுந்து வந்தாள். அவர் பார்த்த திசையில் அவளும் பார்த்தாள்.

"யாருகிட்டய்யா பேசிக்கினு கீற?"

"உங்க சித்தப்பன்தான். கண்ணு தெரியல உனக்கு?"

எங்கள் சித்தப்பா இறந்து பல வருடம் ஆகிறது. அக்கா திருநீறு எடுக்க ஓடினாள்.

குடிநோய் மருத்துவர் ஒருவரை ஒருமுறை செய்திக்காகப் பேட்டி எடுத்திருக்கிறேன். பல காலம் நாள் முழுக்கக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கமும் வலிப்பும் வரலாம், இல்லாதது தெரியலாம், உயிரே போகலாம் என்று அவர் சொன்னார். அந்தப் பகுதி அச்சில் வரவில்லை, இடமில்லை என்றார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போவலாம், இது குடிய நிறுத்தினதால வர்றது" என்று அக்காவிடம் சொன்னேன்.

அவள் கை திருநீற்றோடு அப்படியே நின்றது. "சாமி கயிறு கட்டினதால புத்தி கெட்டுப்போச்சுன்றியா?"

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அப்படித்தான் சொன்னாய் என்றாள்.

அதற்குள் மாமாவின் அண்ணன் வந்துவிட்டார், பின்னாலேயே அக்கம்பக்கத்தார் சிலரும். ஊரில் அவரைப் பெரியவர் என்பார்கள். அவரும் மாலையில் குடிப்பவர்தான். என்னை முழுதாகப் பேசவிட்டுக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"குடிச்சா கெடும்னு பேப்பர்ல எழுதுவீங்க. நிறுத்தினாலும் கெடும்னு வூட்டுல வந்து சொல்லுவீங்க. இன்னா ஞாயம் இது? அப்போ மனுசன் இன்னாதான் பண்றது?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும் பதில்.

"நேத்து மோட்டார்கொட்டாவுல அந்த மோட்டார் போடுறவங்கிட்ட பீடி வாங்கிக் குடிச்சான் இவன்" என்றார் பெரியவர். "அதுல கஞ்சா கீது. அதான் இந்த ஆட்டம்."

அந்தச் சொல் வந்தவுடன் கூடத்தில் எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

அவர் சொன்ன ஆள் பம்புசெட்டுக்கு மோட்டார் போடுபவர், மடை திருப்புபவர். காலனியில் இருக்கிறார். நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகள். அவர் கஞ்சா புகைப்பது ஊருக்குத் தெரியும். வயலிலிருந்து கூட்டி வந்தார்கள். கேட்டுக்கு வெளியே, சேறு காயாத காலோடு நின்றார்.

"டேய், என் தம்பிக்கு இன்னாத்தடா குடுத்த?"

"பீடி கேட்டாரு பெரியவரே. கை நடுங்குது, ஒண்ணு குடுன்னாரு. குடுத்தேன். வெறும் பீடி."

"நீ கஞ்சா அடிக்கிறவன்தான?"

"அடிப்பேன். இல்லன்னு சொல்லல. அது என் வூட்டுக்குள்ள. அவருக்கு எதுக்குக் குடுக்கப்போறேன்? எனக்கே பத்தல."

ஒருவர் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். பெரியவர் கைபேசியை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார். மோட்டார்க்காரர் என்னைப் பார்த்தார். "சார், நீங்க படிச்சவங்க. சொல்லுங்க சார்." சொன்னேன். சொன்னதையே மறுபடி சொன்னேன். அந்த நேரத்தில் உள்ளே மாமா விழுந்தார். உடம்பு வில்லாக வளைந்து வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. அக்கா சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தாள்.

பெரியவரின் காரில் அவரை ஏற்றிப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கார் நிறைந்துவிட்டது. நான் பைக்கில் பின்னால் போனேன். சாலையில் நெல் காயப்போட்டிருந்ததால் பாதி வழிதான் திறந்திருந்தது. நான் போய்ச் சேரும்போது பணி மருத்துவர் கேள்விகளை முடித்துவிட்டிருந்தார். இளம் பெண். கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்விகளையும் பதில்களையும் பிறகு அக்காவே எனக்குச் சொன்னாள், எந்தத் தயக்கமும் இல்லாமல். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார். "இல்ல மேடம். சுத்தமா கெடையாது. கயிறு கட்டிக்கீறாரு" என்று அக்கா மாமாவின் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு முதல்முறையாகத் தலைநிமிர்ந்து பதில் சொல்லியிருக்கிறாள். பெரியவர் பக்கத்திலிருந்து, கஞ்சா கொடுத்துவிட்டார்கள் என்றிருக்கிறார்.

நான் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் தினமும் குடிச்சார், மேடம். எழுந்ததுலேர்ந்து. பல வருஷமா."

பேனா நின்றது. அவர் அக்காவைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், நர்ஸைக் கூப்பிட்டார். ஊசி போட்டார்கள். சலைன் ஏற்ற இடது கையில் நரம்பு அகப்படவில்லை. வலது கையில் கிடைத்தது. நர்ஸ் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டி ட்ரேயில் போட்டார். அக்கா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டதை வேறு யாரும் கவனிக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வரும்வரை மருத்துவர் வராந்தாவில் எங்களிடம் பேசினார். களைத்திருந்தார், ஆனாலும் பொறுமையாகப் பேசினார்.

"கஞ்சாவை நிறுத்தினா தூக்கம் வராது, பசிக்காது, எரிஞ்சு விழுவாங்க. நிறுத்தினதுக்காக உயிர் போறது கிடையாது. நாள் முழுக்கக் குடிக்கிறவங்க அதைத் திடீர்னு நிறுத்தினா போகலாம். மாத்திரை குடுத்துத்தான் நிறுத்தணும். அடுத்த தடவை முதல்ல இங்க கூட்டிட்டு வாங்க, கோயிலுக்கு அப்புறம் போங்க."

"அப்போ கஞ்சா நல்லதுன்றீங்களாம்மா?" என்றார் பெரியவர்.

"நல்லதுன்னு நான் சொல்லவே இல்லையே" என்று மருத்துவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த முகம் தெரியும். காலையில் கூடத்தில் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கஞ்சா தீங்கில்லாதது என்று நானும் சொல்லமாட்டேன். அதனால் புத்தி பேதலித்துப்போன ஒரு கல்லூரி மாணவனை எனக்குத் தெரியும். அவன் அம்மா வீட்டுக் கதவை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். ஆனால் செய்தி எழுதிய வருடங்களில் நான் நின்ற பிணவறை வாசல்களை நினைத்துப் பார்க்கிறேன். ஏரிக்கரையில் பைக்கோடு கிடந்தவர்கள், மண்ணெண்ணெய் வாசனையோடு வந்த பெண்கள், வயிறு ஊதி மஞ்சளாகி வந்த முப்பது வயதுக்காரர்கள். அந்தச் சாவுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருந்தது ஒரே சரக்குதான். அதற்கு விளக்கு போட்ட கடை உண்டு, வரிசை உண்டு, விடுமுறை அறிவிப்பு உண்டு. பைக்கில் விழுந்தவனை "நிலைதடுமாறி" என்று எழுதுவோம். எரிந்தவளை "குடும்பத் தகராறு" என்று எழுதுவோம். கஞ்சாப் பொட்டலம் பிடிபட்டால் பொட்டலத்தை மேசையில் வைத்து, சுற்றி நின்று எடுத்த படத்தோடு போடுவோம். பெரியவர் தினமும் காலையில் பேப்பர் படிப்பவர். அவர் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று கற்றுக்கொண்டது அங்கேதான்.

அன்று மதியமே ஸ்டேஷனுக்குப் போனேன். மோட்டார்க்காரர் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு பெண்களோடு நின்றிருந்தாள். மருத்துவர் சொன்னதை எழுத்தர் மேசையில் சொன்னேன். வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்.

"சார், அவன் வூட்டுக் கூரையில பொட்டலம் கெடச்சுது. கேஸ் பொட்டலத்துக்கு. உங்க மாமாவுக்கு இல்ல."

"மாமாவுக்குக் கொடுத்ததா புகார்ல இருக்கே?"

"அது புகார் குடுத்தவரு சொன்னது. அவர வந்து வாபஸ் வாங்கச் சொல்லுங்க."

பெரியவரிடம் போய்க் கேட்டேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே பேசினார். "அந்தக் கண்ராவி ஊர்ல இருந்தா நம்ம புள்ளைங்களும் கெட்டுப்பூடும். கொஞ்ச நாள் உள்ள கெடக்கட்டும். உனக்கு இன்னாத்துக்கு பேஜாரு?" சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். மேசை மேல் அவருடைய மாலைக்கான பாட்டில் தயாராக இருந்தது. அதை நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். அதில் மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல் இருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாமா பிழைத்தார். எறும்புகள் போயின, சித்தப்பா போனார். கல்லீரல் வீங்கியிருக்கிறது, இனிமேல் ஒரு மடக்கும் கூடாது என்று சொல்லி, மாத்திரைகளை எப்படிக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அன்று தன் கையாலேயே சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். அக்கா அதைக் கதவோரம் நின்று பார்த்தாள்.

பிறகு அவள் வெட்டுப்பட்ட கயிற்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கோயிலுக்குப் போனாள். ட்ரேயிலிருந்து அதை எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. மறுபடி கட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். காலம் முடியும் முன்பு அறுந்த கயிற்றுக்கு அதே வருடத்தில் இன்னொரு கயிறு கட்டுவதில்லை, அடுத்த ஆடிக்கு வாருங்கள் என்று பூசாரி சொல்லிவிட்டார்.

"மாத்திரை இருக்குல்லக்கா. அதை ஒழுங்கா குடு. அதுதான் முக்கியம்" என்றேன்.

"மாத்திரைக்கு அவரு பயப்படுவாரா?" என்றாள்.

மாமா கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தன் வலது மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டார். "கயிறு நானா அறுக்கல. ஆஸ்பத்திரியில அறுத்தாங்க" என்றார், யாரும் கேட்காமலேயே.

அடுத்த வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, மதுக்கடை ஷட்டர் ஏறியபோது, அவர் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றிருந்தார். மோட்டார்க்காரர் அன்றும் கிளைச்சிறையில் இருந்தார்.