ஒரு காசு இடைவெளி

“சித்தப்பா, வயித்தை எக்காதீங்க,” என்று அதட்டிக்கொண்டே டியூப் அக்கா அவர் தொப்பையிலிருந்த குழாயை ஒரு சுற்றுச் சுற்றினார். சித்தப்பா வாய் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டார், அவர் ஒரு பழைய தலையணை. அக்காவின் சொந்தச் சித்தப்பாவுக்கு அதே அளவு தொப்பை என்பதால் அந்தப் பெயர். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், லிஃப்டை ஒட்டிய சின்ன அறை அக்காவுடையது. விழுங்க முடியாமல் போனவர்களுக்கு வயிற்றில் சிறு துளை போட்டு, இரைப்பைக்குள் நேராக ஒரு குழாய் வைப்பார்கள். வைப்பவர் டாக்டர்; கால் மணி நேர வேலை. அதற்கப்புறம் படுகிற பாடெல்லாம் நர்ஸ் அக்காவுடையது. நோயாளியின் வீட்டார் சித்தப்பாவுக்குக் குழாய் வழியாக ஒருவேளைச் சாப்பாடு கொடுத்துக் காட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம். தேறாதவர்களுக்கு மறுநாள் மறுபரீட்சை. வக்கீல் ஒருவர் மூன்று தடவை தோற்று, மேல்முறையீடு உண்டா என்று கேட்டிருக்கிறார்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, கட்டைக் குரல். மூக்குக் கண்ணாடி எப்போதும் தலைமேல்தான். அதை அறையெல்லாம் தேடும்போதும் தலைமேல்தான். “கஞ்சி ஊத்திட்டேன் சிஸ்டர்,” என்று யாராவது சொன்னால் சுள்ளென்று வரும். “செடிக்கு ஊத்துங்க. மனுஷனுக்கு ஊட்டுங்க.” பொய் நம்பிக்கை கொடுக்கிற வழக்கமும் கிடையாது. “டியூப் போட்டா வியாதி போயிடாதுங்க. பட்டினி போகும், தெம்பு வரும். சில பேருக்கு அதுவும் வராது. அவங்களுக்குப் போட வேணாம்னு நானே சொல்லிடுவேன்.”

சட்டைப்பையில் ஒரே ஒரு காசு வைத்திருந்தார். தேய்ந்து வழுவழுத்துப்போன நாணயம்; டீ குடிக்கக்கூட அதை எடுக்க மாட்டார். குழாய் நழுவாமல் இருக்க இரைப்பைக்குள் ஒரு ரப்பர் தொப்பி, வயிற்றுக்கு வெளியே ஒரு வட்டத் தட்டு. தட்டுக்கும் தோலுக்கும் நடுவே அந்தக் காசு நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறுக்கம். இறுக்கம் நீடித்தால் உள்ளே இருக்கிற தொப்பி சதைக்குள் புதைந்துபோகும். அப்புறம் கத்திதான்.

போன மாதம் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்தம்மாவுக்குப் பக்கவாதம். பேச்சும் வலது கையும் போய்விட்டன. தண்ணீர் குடித்தால்கூடப் புரையேறியது. இரண்டே வாரத்தில் பாதி ஆளாகியிருந்தார். “அவ இல்லேன்னா எனக்குப் போக்கிடமே இல்ல சிஸ்டர்,” என்றார் கடைக்காரர். டாக்டர் குழாய் வைத்தார். கடைக்காரர் சித்தப்பாவிடம் முதல் தடவையிலேயே தேறினார். டியூபில் பழகிய கை ஆயிற்றே. அக்காவே அசந்துபோனார். அங்கேதான் கோட்டை விட்டார்.

வீட்டுக்குப் போனவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அக்கா போன் போடுவார்.

“தட்டுக்கடியில காசு போகுதாண்ணே?”

“எங்க சிஸ்டர் போகும்? வீட்டுக்கு வந்த அன்னிக்கே நல்லா இறுக்கிட்டேன்ல. சொட்டு லீக் இல்ல.”

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “லீக் இல்லேன்னு எப்படித் தெரியும்?”

“சுத்தி சோப்புத் தண்ணி தடவிப் பாத்தேன். ஒரு குமிழிகூட வரல.”

“அண்ணே, வண்டியைப் புடிச்சு அவங்களை இப்பவே கூட்டிட்டு வாங்க. ஒண்ணும் யோசிக்காதீங்க.”

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். தட்டைச் சுற்றித் தோல் சிவந்து பள்ளம் விழுந்திருந்தது. குழாய் சுற்ற மறுத்தது. டாக்டர் தட்டைத் தளர்த்தி, வாய்வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். தொப்பி அப்போதுதான் சதையில் பதியத் தொடங்கியிருந்தது. இன்னும் நாலைந்து நாள் விட்டிருந்தால் கதை கந்தல். கடைக்காரர் சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

“தப்பு என் மேலதாண்ணே,” என்றார் அக்கா. “உங்க கை வேகத்தைப் பாத்து மயங்கிட்டேன். நீங்க என்ன தொழில் பண்றீங்கன்னு யோசிக்கல.”

பிறகு அந்தக் காசை ஸ்பிரிட்டில் துடைத்து அந்தம்மாவின் இடது கையில் வைத்து மூடினார். “இந்த மனுஷனை நம்பாதீங்க. தினமும் நீங்களே விட்டுப் பாருங்க.” அன்றிலிருந்து பரீட்சையில் முதல் கேள்வியே, “நீங்க என்ன வேலை பாக்குறீங்க?” என்பதுதான்.

நேற்று அந்தம்மா பரிசோதனைக்கு வந்திருந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது, புண் ஆறியிருந்தது. அக்கா ஊர்க்கதை பேசிக்கொண்டே துளையைச் சுற்றித் துடைத்து, தட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். வேலை முடிந்தது என்று கையை எடுத்தார்.

அந்தம்மா இடது கையை இடுப்புச் சுருக்குப்பைக்குள் விட்டுக் காசை எடுத்தார். தட்டின் ஓரத்தில் வைத்துத் தள்ளிப் பார்த்தார். போகவில்லை. காசை அங்கேயே பிடித்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்தார்.

அக்கா தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, குனிந்து தட்டைத் தளர்த்தினார்.