மாடுகளின் பட்டியலுக்கு வந்த விருந்தாளி

சென்ற ஆண்டு மாசி மாதம். ஜவ்வாது மலையில் புளி உலுக்கும் நேரம். வேலூரில் நானும் என் தோழியும் சேர்ந்து சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். மலையில் ஒரு பெண்கள் குழு, வீடு வீடாகப் புளியும் சாமையும் வாங்கிச் சேர்த்து மொத்தமாக விற்கிறது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கை வைப்பதற்கு நாங்கள் எழுதிய மென்பொருளை அவர்களுக்குச் செய்து காட்ட, லேப்டாப்புடன் காலை பஸ்ஸில் மலையேறினேன். தோழி அலுவலகத்தில் இருந்தாள்.

எங்களுக்கு அதுதான் முதல் வாடிக்கை. அவர்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கடையை மூடிவிட்டு ஆளுக்கொரு வேலை தேடிக்கொள்வது என்று பேசி வைத்திருந்தோம்.

அவர்களுக்கோ கம்ப்யூட்டர் கணக்கு என்றாலே பயம். முந்தைய பருவத்தில் எல்லாவற்றையும் ஒரு செல்போனில் ஏற்றி வைத்திருந்தார்கள். போன் ஓடையில் விழுந்தது. கணக்கும் அதோடு போயிற்று. யார் எத்தனை மூட்டை கொடுத்தார்கள் என்பதில் சண்டை வந்து, ஓரகத்திகள் இருவர் அன்றிலிருந்து பேசிக்கொள்வதில்லை. நான் போன அன்றும் குழு கூடியிருந்த கூடத்தின் எதிரெதிர் மூலைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

லேப்டாப்பைத் திறந்தேன். மென்பொருள் வந்தது, உள்ளே ஒன்றும் வரவில்லை. எங்கள் மென்பொருள் வெறும் முகம்தான். விவரங்களெல்லாம் அலுவலகத்து சர்வரில் இருக்கும். தோழிக்குப் போன் செய்தேன். மாதாந்திரப் பராமரிப்பு, மாலை வரை கரண்ட் கிடையாது என்றாள். அந்த அறிவிப்பு முந்தின நாள் பேப்பரில் வந்திருக்கிறது. நான் இட்லி கட்டிக்கொண்டு வந்ததே அந்தப் பக்கத்தில்தான் என்பது மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்தபோது தெரிந்தது.

சர்வருக்குத் தேவையானதை லேப்டாப்பிலேயே இறக்கிக்கொள்ளலாம் என்றால் மலையில் கிடைத்த சிக்னலுக்கு அது நடக்காது. மேற்கு ஜன்னலில் மட்டும்தான் சிக்னல். போனை ஒரு மஞ்சப்பையில் போட்டு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, அதன் இணையத்தை லேப்டாப்பில் பிடித்தேன். யாரும் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கும்படி பொது சர்வர் ஏதாவது இருக்குமா என்று தேட ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தது எப்போதோ மூடப்பட்டிருந்தது. அடுத்தது கிரெடிட் கார்டு கேட்டது. மூன்றாவது, பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் முதல் பக்கத்திலேயே எல்லோருக்கும் எழுதி வைத்திருந்தது. அந்தப் பக்கத்தில் இன்னும் என்னென்னவோ எழுதியிருந்தது. அவசரத்தில் நான் படிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பட்டியலை உருவாக்கி, அதற்கு 'டெஸ்ட்' என்று பெயர் வைத்து, எங்கள் மென்பொருளை அதோடு இணைத்தேன்.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இடம், அதனால் உங்கள் பெயர்களைப் போட மாட்டேன், சும்மா ஏதாவது பெயர் சொல்லுங்கள் என்றேன். குழுவின் தலைவி, என் வயதுதான் இருக்கும், சிரிக்காமல் சொன்னார்:

"அப்ப எங்க மாட்டு பேரைப் போடுங்க மேடம். அதுங்க ஒண்ணும் கோச்சிக்காது."

அதன்பிறகு கூடம் கலகலப்பாகிவிட்டது. செவலை இரண்டு மூட்டை புளி கொடுத்தது. கருப்பி சாமை கொடுத்தது. ஓரகத்திகளில் மூத்தவருடைய மயிலை தேன் கொண்டுவந்ததாகப் பதிவாயிற்று. கொம்பன் என்ற காளை எதுவுமே கொடுக்கவில்லை என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

அப்போது பட்டியலின் அடியில், நான் தட்டாத ஒரு வரி முளைத்தது. பெயர் ஆங்கிலத்தில் இருந்தது.

"இன்னாங்க இது, யாரோ புதுசா வந்துகீறாரு?" என்று தலைவி கேட்டார். உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவரும் தன் பட்டியலுக்கு 'டெஸ்ட்' என்றே பெயர் வைத்திருக்க வேண்டும், தடுமாறி நம்முடையதில் எழுதிவிட்டார் என்றேன்.

தலைவியின் முகம் மாறியது. "எங்க கணக்குலயும் இப்படித்தான் யார் வேணா வந்து ஒக்காருவாங்களா?"

இது இன்று ஒருநாள் இரவல் வாங்கிய பொது இடம், உங்கள் கணக்கு பூட்டோடு தனியாக இருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். நம்பினார்களா என்று தெரியவில்லை. அதற்குள் இன்னொரு வரி வந்தது. அளவு எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு முழு வாக்கியம். வாசித்து, தமிழில் சொன்னேன். தவறுதலாக வந்துவிட்டேன், மன்னிக்கவும். இந்த சர்வரை மணிக்கொரு முறை மொத்தமாகத் துடைப்பார்கள், இன்னும் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன, வேண்டியதை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் செய்தி.

நான் படிக்காமல் விட்ட பக்கத்தில் இருந்தது அதுதான். இந்த வரி வந்திருக்காவிட்டால், ஓடையில் போன கணக்கு அவர்கள் கண்ணெதிரே இன்னொரு தடவை போயிருக்கும். எங்கள் நிறுவனமும் கூடவே போயிருக்கும். உடனே லேப்டாப்பில் ஒரு நகல் எடுத்தேன். பிறகு திரும்பி, இப்போது எல்லாம் அழியப் போகிறது, பாருங்கள் என்றேன்.

எல்லோரும் திரைக்கு முன்னால் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் செவலை, கருப்பி, கொம்பன் எதுவும் இல்லை. வெறும் வெள்ளை.

இளைய ஓரகத்தி மூத்தவரைப் பார்த்துக் கேட்டார்: "உன் மயிலையும் போச்சாக்கா?"

எல்லோருமே அவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நகலைத் திரும்ப ஏற்றினேன். அந்த சிக்னலில் அதுவரை நான் அதைச் செய்து பார்த்ததே இல்லை. மஞ்சப்பையை ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றாக மாடுகள் திரும்பி வந்தன. ஒன்றும் கொடுக்காத கொம்பனும் வந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, நகலோடு சேர்ந்து, அந்த வெளியூர்க்காரரின் வரிகளும் வந்தன.

"வந்துடுச்சு, வந்துடுச்சு உன் தேனு," என்றார் மூத்தவர், இளையவரின் தோளைத் தட்டி. தேன் கொடுத்தது மூத்தவருடைய மாடுதான். இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

வெளியூர்க்காரரின் வரிகளை அழிக்கப் போனேன். தலைவி தடுத்தார். "இருக்கட்டும் மேடம். நம்ம வூட்டுக்கு வந்த ஆளை வெளிய தள்ளுவாங்களா?" எங்கள் மென்பொருளை வாங்கிக்கொள்வது என்று அங்கேயே முடிவானது. மாலை பஸ்ஸில் ஏறியபோது என் பை நிறையப் புளி இருந்தது.

அவருக்கு நன்றி சொல்லலாம் என்று மறுநாள் அந்த சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். துடைத்துவிட்டிருந்தார்கள். மலையில் புதிதாகச் சேரும் உறுப்பினர்களுக்கு இன்றும் அந்த மாட்டுப் பட்டியலை வைத்துத்தான் பழக்குகிறார்கள், அந்த இரண்டு வரிகளோடு. பொது சர்வர் எதிலாவது நுழைய நேர்ந்தால் இப்போதெல்லாம் முதல் பக்கத்தை முழுக்கப் படிக்கிறேன். அறியாமல் அங்கே எதையாவது வைத்துவிட்டுப் போயிருக்கும் யாரோ ஒருவருக்கு, எப்போது துடைப்பார்கள் என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன், அதை எந்த ஊர்க் கூடத்தில் யார் உட்கார்ந்து வாசிப்பார்களோ என்ற நினைப்போடு.