காவல் கோபுரத்துக்குப் போகிற வண்டி

லிஃப்டுகளைப் பழுதுபார்க்கிற லிஃப்ட்காரரை, உடன் வேலை செய்கிறவர்கள் ‘பன்னெண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்டைத் தூக்குகிற கம்பிவடம், தூக்க வேண்டிய எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கைத் தாங்க வேண்டும் என்பது அவர் படித்த பாடம். படித்ததோடு விட்டிருக்கலாம். கேட்டவர், கேட்காதவர், நான்காம் மாடிக்குப் போகிற அவசரத்தில் நின்றவர் என்று எல்லோரிடமும் முப்பது வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டிலும் அதே கதைதான். "ஒரு துண்டு காயப்போடக் கொடி கேட்டா, பன்னெண்டு ஈரப் போர்வை தாங்குற கயிறு வாங்கிட்டு வருவாரு. ஆணி அடிக்கத்தான் மறந்துடுவாரு" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். அவர் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி லிஃப்டுகளில் ஒரு ஸ்ட்ரெச்சர்கூட நடுவழியில் நின்றதில்லை. இப்படிப்பட்ட ஆளோடு சண்டை போடுவதுதான் கஷ்டம். அவர் சொல்வதில் தப்பே இருக்காது. அந்தத் தப்பில்லாத பேச்சை நம்பி அவர் மனைவியின் ஒரே ஓர் ஆசை இருபத்திரண்டு வருடம் காத்துக் கிடந்தது.

ஆசை ஒன்றும் பெரிதில்லை. மலைக்கு மேலே, காட்டுத்தீ எங்கேயாவது கிளம்புகிறதா என்று பார்ப்பதற்காக ஒரு காவல் கோபுரம் கட்டியிருந்தார்கள். அவள் அப்பா அங்கே காவலாளி. கோபுரத்தின் உச்சியிலேயே ஒரு மர அறை. அதில்தான் அவள் பிறந்தாள், ஒன்பது வயதுவரை வளர்ந்தாள். பிறகு அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள், குடும்பம் கீழே இறங்கிவிட்டது. பாதையைச் சீண்டுவாரில்லை. மழை அரித்து, பாறை உருண்டு, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியைத் தவிர வேறெதுவும் ஏறாது என்று ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் அவள் நகைநட்டு எதுவும் கேட்கவில்லை. "ஒரே ஒரு தடவ அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க, போதும்" என்றாள். நகை கடைசிவரை வரவில்லை. நட்டு மட்டும் டப்பா டப்பாவாக வீடு நிறைய வந்தது.

ஏனென்றால் அவர் வண்டி வாங்கினார். ஏதோ ஓர் அணைக்கட்டு வேலையில் ஓடி ஓய்ந்த டீசல் வண்டி; முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டில் நாலு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றலாம். வேண்டாமென்று கழித்துப் போட்டதை வாங்கி, எஞ்சினைப் பிரித்து மாட்டி, துருப்பிடித்த தரையை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஓட வைத்தார். மகளுக்கு அப்போது நாலு வயது. மூன்று பேரும் கிளம்பினார்கள். இரண்டாவது ஓடையில் தண்ணீர் அவர் நினைத்ததைவிட ஆழம். எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு, ஒரு தட்டுத் தட்டி நின்றுபோனது. மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் கரையேறி, ஒன்பது கிலோமீட்டர் நடந்து திரும்பினார்கள். மகளுக்கு அது பெரிய விளையாட்டு. மனைவியும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். அவர்தான் வீடு வரும்வரை மகளைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"வண்டி மொதல்ல சரியாகட்டும், அப்புறம் போலாம்" என்றார். நியாயமான பேச்சுதான், யார் மறுக்க முடியும்?

எஞ்சினுக்குக் காற்று கூரை உயரத்திலிருந்து வரும்படி ஒரு குழாய் வைத்தார். தெருமுனை வெல்டரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சோதனை ஓட்டம் போனார். ஓடையைத் தாண்டிக் கோபுரத்தடி வரைக்கும் போய்விட்டார்கள். திரும்பி வந்ததும் மனைவி ஓடி வந்து கேட்டாள். "ஓடை பிரச்சன இல்ல. ஆனா ஏழாவது வளைவுல ஒரு பின்சக்கரம் அந்தரத்துல சுத்துது. நீ வர்ற மாதிரி இல்ல" என்றார். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே சுற்றும்படி லாக் வைக்க இரண்டு வருடம் ஆனது. அந்தப் பழைய மாடலுக்குச் சாமான் கிடைப்பதே குதிரைக்கொம்பு. மறுபடி சோதனை. ஏழாவது வளைவு சுலபமாக ஏறியது, இறக்கத்தில் பிரேக் சூடானது. பிரேக்கை மாற்றினார். மறுபடி சோதனை.

அந்த மூன்றாவது தடவை வெல்டர் பொறுமை இழந்துவிட்டார். "அண்ணே, இந்த வண்டியில நான் என் மாமியாரையே ஏத்திட்டு வருவேன். அடுத்த வாரமே அண்ணியக் கூட்டிட்டு வாங்க."

"உன் மாமியார் கத வேற" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் வின்ச் பார்க்கப் போய்விட்டார். எங்கேயாவது மாட்டிக்கொண்டால், மரத்தில் கம்பிவடத்தைக் கட்டி வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ள வேண்டுமே. கம்பிவடம் எத்தனை மடங்கு தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை, பயம்தான்.

மனைவி ஒரேயடியாக வாய்மூடி இருந்துவிடவில்லை. "நான் அந்தப் பாதையில செருப்பில்லாம ஓடினவ. விழுந்தா எந்திரிச்சுக்குவேன்" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டாள். "எறக்கத்துல பிரேக் போச்சுன்னா எப்படி எந்திரிப்ப?" என்று அவர் கேட்டார். வருடங்கள் அப்படியே ஓடின. நடுவில் மகளின் படிப்பு, அவருடைய குடலிறக்க ஆபரேஷன், எல்லாக் குடும்பங்களுக்கும் வருகிற வழக்கமான இடைஞ்சல்கள். அவள் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். சோதனை ஓட்டம் போய்விட்டு வந்தால், "வண்டி நல்லா ஏறுச்சா?" என்பதோடு சரி.

கடைசியாகச் செய்ததுதான் பெரிய வேலை. உச்சிக்குப் போகும் முன்னால் ஒரு பாறைப் படுகையில் வண்டியின் அடிவயிறு இடித்தது. தடித்த பட்டை ஸ்பிரிங் போட்டு, உயரமான டயர் மாட்டி, வண்டியை மொத்தமாக ஆறு அங்குலம் தூக்கினார். தூக்கியதும் அடியில் சுழல்கிற தண்டு உதறியது. அதையும் கோணம் பார்த்துச் சரிசெய்தார். ஐந்தாவது சோதனையில் ஒரு கல்கூட அடியில் படவில்லை. வீட்டுக்கு வந்து, கையைக்கூடக் கழுவாமல், "வண்டி ரெடி. மழ நின்னதும் போறோம்" என்றார். அவள் அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டு லீவு எடுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில்தான் அவளுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தது. வாளி தூக்கியதால் வந்த பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் முதுகெலும்பு வரை வந்துவிட்டிருந்தது. "ஆசப்பட்டதையெல்லாம் செய்யட்டும். ஆனா குலுங்காமப் பாத்துக்குங்க, எலும்பு தாங்காது" என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று மகள்தான் தனியாகப் போய்க் கேட்டாள். ரெண்டு மாதம் என்றார்கள்.

மழை நின்றது. வேலையை விட்டுவிட்டு வந்த மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் வண்டி பளபளவென்று நின்றது. அதன் கதவைத் திறந்தால் சீட் மனைவியின் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. லிஃப்ட்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அவள் ஒரு காலை ஸ்டூலில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, உடம்பைத் தூக்கப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போய்விட்டது. அவர் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கியபோது அலறிவிட்டாள்.

"அப்பா, விடுங்கப்பா!" என்று மகள் கத்தினாள்.

மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு, பாவம், அவருக்காகச் சிரித்தாள். "என்னங்க, இது இவ்ளோ உயரமா வளர்ந்துடுச்சு?"

பாதையில் கிடக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் பதில் வைத்திருந்தவர், அவள் முட்டி எவ்வளவு உயரம் மடங்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவருக்கு அப்போதுதான் அது மண்டையில் ஏறியது. வாசற்படியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கவே அழுதார்.

அழுது முடித்ததும் ஸ்பேனரை எடுத்தார். வேறென்ன தெரியும் அவருக்கு? ஆறு அங்குலத்தையும் இறக்க வேண்டும், வண்டி மெத்தென்று ஓட வேண்டும். பழைய ஸ்பிரிங்கை வெல்டர் தன் கடைக் கொட்டகைக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். கொட்டகை சாய்ந்தாலும் சாயட்டும் என்று உருவிக்கொண்டு வந்து கொடுத்தார். அதிலும் இரண்டு பட்டைகளைக் கழற்றி இன்னும் இளக்கினார்கள். சின்ன டயர் மாட்டிப் பாதிக் காற்றை இறக்கினார்கள். வின்ச்சைக் கழற்றி மூலையில் போட்டார்கள். அவள் உட்காருகிற சீட்டில் லிஃப்ட்காரர் ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்துகொள்ள, வெல்டர் பம்பர்மேல் ஏறிக் குதிப்பார். "சிந்துச்சா அண்ணே?" "கொஞ்சம்." மறுபடி கழற்றுவார்கள். இப்படிப் பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் அவள் தானாக நடப்பது நின்று, பிடித்துக்கொண்டு நடப்பதும் நின்று, உட்கார்வதே பெரிய காரியம் என்கிற நிலைக்கு வந்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில், வலி மாத்திரை வேலைசெய்ய ஒரு மணி நேரம் விட்டு, மெல்ல உட்கார வைத்தார்கள். சீட் சரியாக அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. "மெத்தையாட்டம் இருக்கு" என்றாள். மகள் பின்சீட்டில் ஏறப் போனாள். லிஃப்ட்காரர் தடுத்தார். "இரும்மா. தெருவ ஒரு சுத்துச் சுத்திட்டு வரோம். சரியா இருந்தா நீ ஏறிக்க." அப்போதும் அவருக்கு ஒரு சோதனை ஓட்டம் வேண்டியிருந்தது.

வண்டி அவ்வளவு அழகாக என்றைக்குமே ஓடியதில்லை. முதல் கியரில், நடக்கிறவர்கள் முந்திப்போகிற வேகத்தில், தெருவின் கடைசிவரை வந்துவிட்டார்கள். அங்கே ஒரு வேகத்தடை. ஒரு ஜாண் உயரம்கூட இருக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கினார். அவள் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தார். கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட அவள் கை அசையவில்லை.

எஞ்சினை அணைத்தார். பின்னால் ஒரு பள்ளி வேன் ஹார்ன் அடித்தது. ஒதுங்கிப் போகும்படி கையைக் காட்டினார். கோபுரத்துக்குப் பதினாலு கிலோமீட்டர் மலைப்பாதை இருந்தது. முடியாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வலி கொஞ்சம் அடங்கியதும் அவள் பேசினாள். "நீங்க அஞ்சு தடவ போயிருக்கீங்கள்ல. எனக்கு வழியச் சொல்லுங்க. சொன்னாப் போதும்."

அவர் சொன்னார். செம்மண் சரிவு எங்கே ஆரம்பிக்கிறது, முதல் ஓடையில் எந்தக் கல்லுக்கு இடதுபக்கம் இறங்க வேண்டும், இரண்டாவது ஓடை எவ்வளவு ஆழம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஸ்டீயரிங்கைக்கூடத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "மூணாவது வளைவுல ஒரு பெரிய பாற இருக்குமே, இன்னும் இருக்கா? அதுக்கு நான் ஆமைன்னு பேரு வெச்சிருந்தேன்" என்றாள். "இருக்கு. அது பக்கத்துல வலது சக்கரத்த ஒட்டி எடுக்கணும்" என்றார். ஏழாவது வளைவும் பாறைப் படுகையும் தாண்டினார்கள். அவள் வெளுத்த முகத்தில் மறுபடி களை வந்தது. வெயில் கண்ணாடிவழியாக மடியில் விழ, இருவருக்கும் அந்த அரைமணி நேரம் சந்தோஷமாகவே இருந்தது.

"கோபுரத்தடி. வந்தாச்சு" என்றார்.

"மேல?" என்றாள் அவள். "ரூம் எப்படி இருக்கு? என் ஒயரத்த அப்பா கோடு போட்டுவெச்ச பலக, ஜன்னலுக்குப் பக்கத்துல... இருக்குதா?"

இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் கண்ணால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லி லிஃப்ட் பதிவேட்டில் ஒருநாளும் கையெழுத்துப் போடாத மனிதர் அவர்.

"நான் ஏறல" என்றார்.

"அஞ்சு தடவையுமா?"

"போனதும் வண்டிக்கு அடியில படுத்துடுவேன். எது கழண்டிருக்குன்னு பாக்கணும்ல. பாத்து முறுக்கிட்டு, இருட்டுறதுக்குள்ள எறங்கிடுவோம்." ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். "உன்கூட ஏறணும்னு வெச்சிருந்தேன்."

அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏறிப் பாத்துட்டு வந்து சொல்லியிருக்கலாங்க" என்றாள்.

வீட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் முன்சக்கரங்கள் அந்த வேகத்தடையில் மறுபடி ஏறி இறங்க வேண்டும். சாவிமேல் கையை வைத்தவருக்குத் திருப்ப மனம் வரவில்லை. இறங்கி ஓடிப் போய் மகளையும் வெல்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்த பிரம்பு நாற்காலியில் அவளை உட்காரவைத்து மூவரும் தூக்கினார்கள். அவள் அவ்வளவு லேசாக இருந்தாள். தெரு நெடுகப் போகும்போது மகள் குனிந்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி. இது சுகமா இருக்கு" என்றாள்.

முன்னால் பிடித்திருந்த லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். அந்த மலைப்பாதையைத் தூக்கிக்கொண்டே போயிருந்தாலும் ஒரு நாளில் ஏறியிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பதினேழு நாள் கழித்து அவள் இறந்துபோனாள். ஐந்து வருடம் ஆகிறது, அவர் இன்னும் அந்தக் கோபுரத்தின் படி ஏறவில்லை.