செம்மஞ்சள் விளக்கும் ஒரு பொட்டலமும்

இந்த நாட்டில் வாகனத்துக்கு வருத்தம் வந்தால் அது வாய் திறந்து சொல்வதில்லை. முகப்பில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும், அவ்வளவுதான். ஊரில் அப்பா ஓட்டிய வாடகைக் கார் இருமும், புகை கக்கும், கொஞ்சத் தூரம் தள்ளச் சொல்லும். என்னுடைய பிக்கப் ட்ரக்குக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. நான் வாங்கி ஆறு மாதம்தான். அது 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் சரிவில், பின்னால் பெரிய லொறி நெருங்கி வரும்போது, எவ்வளவு மிதித்தாலும் போகமாட்டேன் என்று சோர்ந்துவிடும். அந்த லொறிக்காரனின் ஹோர்ன் சத்தம் இப்போதும் நித்திரையில் கேட்கிறது.

நான் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவன். ஓடு, சீமெந்து, வெட்டும் மெசின் எல்லாம் அந்த ட்ரக்கில்தான் போகும். ஒரே மாதத்தில் இரண்டு தடவை வேலைக்குப் பிந்திவிட்டேன். இன்னொரு தடவை பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று கொன்ராக்டர் செய்தி அனுப்பியிருந்தார். வெக்ஸ்போர்ட்டில் கராஜ் வைத்திருக்கும் மனுவேலிடம் ஓடினேன். போர்த்துக்கல்லிலிருந்து வந்தவர். கணினியைக் கொளுவிப் பார்த்துவிட்டு, காற்றை அளக்கும் சென்சர் பழுது என்றார். எஞ்சினுக்குள் போகும் காற்றை மயிரளவு மெல்லிய சூடான கம்பி ஒன்று அளக்கிறதாம். அது குறைத்துச் சொன்னால் பெற்றோலும் குறைவாகத்தான் போகுமாம். புதிய சென்சர் போட்டுத் தந்தார். இரண்டு கிழமையில் விளக்கு மறுபடியும் எரிந்தது.

டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அடுக்குமாடியிலேயே இருக்கும் யோகண்ணை கேட்டவுடனே தீர்ப்புச் சொன்னார்.

“உவங்கள் புதுசெண்டு சொல்லிப் பழசைத்தான் பூட்டியிருப்பாங்கள். எங்கட ஆக்களிட்டக் கொண்டு போயிருக்கலாமெல்லே?”

அந்தக் கொதியோடு போய் மனுவேலிடம் கத்தினேன். கோபத்தில் என் ஆங்கிலம் நொண்டும். அவருக்குப் பாதி விளங்கியிருக்காது. இரண்டு ஆணிகளைக் கழற்றி, அவர் பூட்டிய சென்சரை வெளிச்சத்தில் காட்டினார். கம்பியில் வெள்ளையாக மா பூசியதுபோல் ஏதோ படிந்திருந்தது. அவர் யோசித்துவிட்டு, அதற்கு முன்னால் இருந்த கறுப்புப் பெட்டியின் கிளிப்பில் கை வைத்தார். அதற்குள் நான் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ட்ரக்கை வாங்கிய கையோடு கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசித்த அன்று, ஒரு விபூதிப் பொட்டலத்தை முகப்பில் வைக்கப் போனேன். மகள் விடவில்லை. “அப்பா, ப்ளீஸ், நோ! ஸ்கிரீன் எல்லாம் ஆஷ் ஆகும்.” அப்பா தன் காரில் பொனற்றுக்குள் பற்றரிக்குப் பக்கத்தில்தான் விபூதி வைத்திருப்பார். நானும் பொனற்றைத் திறந்தேன். சுலபமாகத் திறந்தது அந்தக் கறுப்புப் பெட்டி ஒன்றுதான். உள்ளே மடிப்பு மடிப்பாகக் கடதாசி மெத்தை. மேலே பொட்டலத்தை வைத்து மூடினேன். அதுதான் எஞ்சினின் மூக்கு என்று எனக்கு யார் சொன்னது?

சும்மா விபூதியும் அல்ல. நான்கு வருடங்களுக்கு முன் அப்பா இறந்தபோது என் அகதி வழக்கு முடியவில்லை; போனால் திரும்பி வர முடியாது. அவரைச் சுடலைக்குக் கொண்டுபோனதைக் கைபேசியில் பார்த்தேன், அதுவும் இடையில் நின்றுபோனது. பிறகு தங்கச்சி இந்தப் பொட்டலத்தைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, “அப்பாவின்ர விபூதிக் குட்டானில மிஞ்சினது அண்ணா, சிந்தாமல் வைச்சிரு” என்றாள். அப்பா விபூதி போட்டு வைக்கும் சின்னப் பனையோலைப் பெட்டிதான் குட்டான்.

மனுவேல் பெட்டியைத் திறந்தார். கிழிந்த பொட்டலக் கடதாசி, சுற்றிவரச் சாம்பல். அவர் தொப்பியைக் கழற்றினார்.

“யார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

எரித்த உடலின் சாம்பல் என்று நினைத்துவிட்டார். “நோ, நோ, இது ஹோலி... கௌ...” என்று மாட்டுச் சாணத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன். இடையில் ஃபாதர் என்ற சொல்லும் வந்துவிட்டது. அவர் முகம் இன்னும் கறுத்தது.

“அப்பாவா?”

“ஓம்” என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு, “யெஸ். மை ஃபாதர்.” கராஜின் நடுவில் நின்று அழுதேன். நான்கு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை.

ஆணிகள் போடும் புதிய பை ஒன்றில் மிஞ்சியதைக் கவனமாக அள்ளி, இரண்டு கைகளாலும் தந்தார். என் விரலில் ஒட்டியதைக் காற்சட்டையில் துடைக்க மனம் வராமல் நெற்றியில் பூசிக்கொண்டேன். மனுவேல் ஓரடி பின்னால் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கம்பியைக் கழுவிப் பூட்டியதும் விளக்கு அணைந்தது. நான் புறப்படும்போது அவர் ட்ரக் கண்ணாடியைத் தட்டினார்.

“சொல்லாமல் விட மனமில்லை. கொஞ்சம் ஏற்கெனவே எஞ்சினுக்குள்ளால் போய்விட்டது. ஐ ஆம் சொறி.”

“போய்... எங்கே?”

“நீங்கள் ஓடிய ரோட்டெல்லாம்.”

அப்பா எங்களைப் பார்க்க இரண்டு தடவை விசா கேட்டார். வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்று இரண்டு தடவையும் எழுதி மறுத்தார்கள். அவர் அஸ்தியைத் தங்கச்சி கீரிமலைக் கடலில் கரைத்தாள். நான் பையைச் சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு 401 சரிவில் மிதித்தேன். ட்ரக் சொன்னபடி ஏறியது. ஆறு மாதமாக அவரும் என்னோடு இந்த ரோட்டில் போய்வந்திருக்கிறார். அவர்கள் எழுதியதும் சரிதான். அப்பா திரும்பிப் போகவில்லை.