சாமி சிவப்புப் பூ கொடுத்துவிட்டது

கடலில் மூழ்கி நீந்துகிறவர்களுக்கான இந்த ஸ்கூபா இணையக் குழுவில் நீங்கள் எழுதுவதை வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள் நான். இன்று குறுக்கே வந்து எழுதுவதற்கு மன்னியுங்கள்.

தெற்கே ஒரு குளிர்கடலில், நாற்பது மீட்டர் ஆழத்துப் பாறைத்திட்டை ஆராயப் போகும் குழுவில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அனுபவம் உள்ளவர்களை மட்டுமே சேர்க்கிறார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இன்று காலை, கொல்லிமலையில் எங்கள் ஊர்க் கோயிலில் அம்மா பூ வாக்குக் கேட்டார். சாமி முன் போட்ட பூப்பொட்டலங்களில் ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும்; வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"சாமி, ஆழத்துல உழுந்தா எம்புள்ள திரும்பி வருமா?" என்றுதான் கேட்டார்.

சிவப்பு வந்தது. அப்படிக் கேட்டால் எந்தச் சாமிதான் வெள்ளை கொடுக்கும்?

"நான் உழுகலைம்மா, கயித்தப் புடிச்சு எறங்கறேன். இன்னொருக்கா கேளுங்க."

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான் கண்ணு கேக்கோணும்."

மலையிறங்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்காவிடம் அம்மா புலம்ப, அவர் விசாரித்தார். "ஏனுங்க, கடலுக்கடியில புள்ள என்னத்தப் பாக்கப் போவுது?"

"மீனாமுங்க."

"அது பேளுக்குறிச்சி சந்தையிலயே கெடக்குதுங்களே!"

பஸ்ஸே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. இறங்கும்வரை என் கையையும் விடவில்லை.

இப்போது ராசிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதுகிறேன். அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறார். சாமியை மீறி என்னால் போக முடியாது; போகாமல் இருக்கவும் முடியவில்லை.

பக்கத்திலேயே எஸ்டிடி பூத் இருக்கிறது; உங்கள் எண்ணை அனுப்பினால் அங்கிருந்து கூப்பிடுகிறேன். அவ்வளவு ஆழம் போன பெண் உங்களில் யாராவது அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசுவீர்களா? மேலே ஏறி வந்ததை மட்டும் சொன்னால் போதும்.