எங்கடை ஆக்கள் இல்லாத ஊர்

பெரியப்பா தொலைபேசி அட்டையைச் சுரண்டிய அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். ஒஸ்லோவில் குறொன்லாண்டுக் கடையொன்றில் வாங்கிய அட்டை அது. இலக்கத்தை மறைத்திருக்கும் வெள்ளிப் பூச்சை வீட்டுத் திறப்பால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மேசையில், எனக்கு இடம் கொடுத்திருந்த இரண்டு அமெரிக்கக் கல்லூரிகளின் கையேடுகள் கிடந்தன. இரண்டையும் அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு ரொறொன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தக் கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எங்கள் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் கோப்பை அடிப்பதில்லை. கழுவி வைப்பார்கள்.

அப்பாவின் அண்ணன் அவர். எங்களை நோர்வேக்கு எடுப்பித்தவர். நாங்கள் ஒஸ்லோ ஓரத்து ஹொல்ம்லியாவில் அடுக்குமாடியில் இருந்தோம், அவர் நகருக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்தார். எங்கள் வீட்டில் எது நடப்பதானாலும் முதலில் லோறென்ஸ்கூக்குக்குப் போய் வரவேண்டும். குளிர்சாதனப் பெட்டி வாங்கியதும் அப்படித்தான், நான் படிக்கப் போனதும் அப்படித்தான். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தேன். இன்ன தொழிலுக்கு என்று முதலிலேயே முத்திரை குத்திக்கொள்ளாமல், வானியலையும் வரலாற்றையும் இசையையும் சேர்த்துப் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம் என்ற சிறிய கல்லூரிகள் அமெரிக்காவில் உண்டு என்பதை நூலகத்தில் இருந்து நானேதான் தேடிக் கண்டுபிடித்தேன். நானேதான் விண்ணப்பித்தேன். இரண்டு கல்லூரிகளும் உதவித்தொகையுடன் அழைத்திருந்தன. ஒன்று ஒரு ஏரிக்கரையில், சுற்றிவரச் சோளக்காடு. மற்றது ஒரு பெரிய நகரத்துக்குப் பக்கத்தில். எனக்கு ஏரிக்கரைதான் வேண்டும். மாணவர்கள் தாங்களே திறந்து பார்க்கக்கூடிய ஒரு வானாய்வுக்கூடம் அங்கே குன்றின் மேல் இருந்தது.

பெரியப்பாவுக்கு வானம் பற்றிக் கவலையில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி.

“அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?”

அதைக் கண்டுபிடிக்கத்தான் அட்டை. ரொறொன்ரோவில் ஒரு மச்சான், அவர் சொல்லி நியூ ஜேர்சியில் ஒருவர், அவர் சொல்லி வேறொருவர். ஊர், ஒழுங்கை, இன்னாரின் பெறாமகள் என்று விசாரித்து விசாரித்து அமெரிக்கா முழுவதையும் சோபாவில் இருந்தபடியே சலித்தெடுத்தார். ஏரிக்கரையில் ஒருவரும் அகப்படவில்லை. நகரத்துக் கல்லூரிக்குப் பக்கத்தில், பெரியம்மாவோடு படித்த யாரோ ஒருவரின் தங்கை குடும்பத்தோடு இருப்பதாகத் தகவல் கிடைத்தது. தொலைபேசியை வைத்துவிட்டு வெற்றி பெற்றவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

“ஒருத்தரும் இல்லாத இடத்திலை பொம்பிளைப் பிள்ளையை எப்பிடி விடுறது? ஒரு காய்ச்சல் வந்தா ஆர் பாப்பினம்?”

“கொலிச்சிலை டொக்டர் இருக்கிறார், பெரியப்பா.”

“டொக்டர் கஞ்சி காய்ச்சித் தருவாரோ?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை. என் விண்ணப்பக் கட்டுரையைத் தனக்கு வாசித்துக் காட்டச் சொல்லிக் கண் கலங்கிய மனிதர், “அண்ணை சொன்னாச் சரி” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். நான் உதவித்தொகை பற்றிச் சொன்னேன், நூலகம் பற்றிச் சொன்னேன், பேராசிரியர்கள் பற்றிச் சொன்னேன். உண்மையான காரணத்தை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ஹொல்ம்லியாவில் ரயில் ஏறி நகரத்தில் இறங்குவதற்குள், நான் யாருக்குப் பக்கத்தில் இருந்தேன் என்பது அம்மாவின் காதுக்குப் போய்விடும். இன்னாரின் மகள் என்று ஒருவரும் என்னைப் பார்க்காத ஒரு தெருவில் நடக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அந்த ஆசையை அந்த வீட்டின் வரவேற்பறையில் எந்தத் தமிழில் சொல்வது?

நகரத்துக் கல்லூரிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மாலையானால் விடுதி வாசலில் பெரியப்பா கண்டுபிடித்த அந்த அன்ரியின் கார் நிற்கும். அவர் கெட்டவர் இல்லை. அன்பாகச் சோறு போடுவார். ஆனால் சனிக்கிழமை அவருடைய பிள்ளைகளுக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், ஞாயிறு கோயிலுக்குப் போக வேண்டும், திங்கள் காலைதான் திரும்பலாம். கல்லூரியில் எல்லாம் நடப்பது வார இறுதியில். பாடகர் குழுவில் சேர்ந்தேன், ஒத்திகைக்குப் போகாததால் நிறுத்திவிட்டார்கள். தலைமுடியைக் கட்டையாக வெட்டினேன். நான் வீட்டுக்குச் சொல்வதற்கு முதலே அந்தச் செய்தி லோறென்ஸ்கூக்கில் இருந்தது. அட்லாண்டிக்கைக் கடந்து போயும் நான் ஹொல்ம்லியா ரயிலிலேயே இருந்தேன். ஒரு வருடம் பொறுத்தேன். கோடை விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஒஸ்லோவிலேயே மருந்தியல் படித்தேன். நல்ல வேலை, நல்ல சம்பளம். எல்லோருக்கும் திருப்தி. கோபப்படவும் எனக்குக் காரணம் இல்லையாம்.

பின்னொரு நாள் பெரியம்மா சொல்லித்தான் தெரியும். பெரியப்பா முதன்முதலில் வந்தபோது நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. அந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான் தமிழர். கதைக்க ஆளில்லாமல், துறைமுகத்தில் தனியாக நடந்து தனக்குத் தானே சத்தமாகக் கதைப்பாராம். தன் குரல் மறந்துபோகும் என்று பயமாம். கேட்டபோது எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அன்றைக்கு அந்தச் சோபாவில் இதை எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று அடுத்த நிமிடமே கோபமும் வந்தது. அவருடைய பயத்தை என் தலையில் வைத்துக் கட்டிவிட்டு, அதைப் பகிடியாக்கி எல்லோரையும் சிரிக்க வைத்தாரே. புரிந்துகொண்டால் கோபம் போய்விடும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். எனக்குப் போகவில்லை.

போன வருடம் அந்த ஏரிக்கரைக் கல்லூரியை மூடிவிட்டார்கள். மாணவர் தொகை குறைந்துவிட்டதாம். இணையத்தில் பார்த்ததை அப்பாவிடம் வாய்தவறிச் சொன்னேன். அடுத்த கிழமை பெரியப்பா வீட்டில் பேரனின் பிறந்தநாள். நான் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அந்தக் கொலிச்சைப் பூட்டிப்போட்டாங்களாமே! பாத்தியே, நான் அண்டைக்கே சொன்னனான்.”

வழமைபோலச் சிரிப்பு. எனக்கு இப்போது நாற்பதை நெருங்கும் வயது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் போய் அவருக்கு எதிரே இருந்தேன்.

“நான் அங்கை போயிருந்தா, படிச்சு முடிச்சு வெளியிலை வந்து எத்தினையோ வருசத்துக்குப் பிறகுதான் அதைப் பூட்டியிருப்பாங்கள், பெரியப்பா.”

சிரிப்பு நின்றது. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிடுவது போல பெரியம்மா எழும்பினார்.

“அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இருக்கேல்லையே, பிள்ளை,” என்றார் பெரியப்பா, குரல் இறங்கி.

“ஓம்,” என்றேன். “அதாலைதான் நான் அந்த இடத்தைக் கேட்டனான்.”